பைஃபோகல் சரி, எந்த பைஃபோகல்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கண்ணாடிக் கடையில லென்ஸ் ஃபிட்டிங் பண்றவன். கடைக்கு வர்றவங்க டாக்டர் சீட்டை நீட்டி பைஃபோகல், அதாவது மேல தூரத்துக்கும் கீழ படிக்கவும் ரெண்டு பவர் உள்ள லென்ஸ், போட்டுக் குடுங்கம்பாங்க, எந்த பைஃபோகல்னு கேட்டா முழிப்பாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, ஏன்னா சீட்டுல பெரும்பாலும் பவர் மட்டும்தான் இருக்கும், தூரத்துக்கு இவ்ளோ, படிக்கிறதுக்கு மேல இவ்ளோ சேத்துக்கன்னு. வகையை முடிவு பண்றது கடைக்காரங்கதான், அதுவும் நிறைய இடத்துல வர்றவரோட வேலையைக் கேக்காம சட்டைப்பையை பாத்து முடிவாகுது. அதான் எழுதுறேன்.

40 வயசை ஒட்டி வெள்ளெழுத்து வரும், எல்லாருக்கும் வரும். ஆரம்பத்துல பிளஸ் 1 போதும், 60 வாக்குல பிளஸ் 2.5 கிட்ட போயிடும். தூரத்துக்கும் பவர் இருந்தா ரெண்டு கண்ணாடியை மாத்தி மாத்தி போடணும். அமெரிக்காக்காரர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதுக்கு அலுத்துப்போய் ரெண்டு லென்ஸையும் பாதியா வெட்டி ஒரே ஃபிரேம்ல மேலயும் கீழயும் மாட்டிக்கிட்டாரு, 1785ல பிரான்ஸ்ல இருந்தப்ப ஒரு கடிதத்துல எழுதியே வச்சிருக்காரு, சாப்பாட்டு மேசையில தட்டும் தெரியுது எதிர்ல பேசறவங்க முகமும் தெரியுது, அதனால பிரெஞ்சு பேச்சு நல்லா புரியுதுன்னு.

இப்ப கடையில அதிகம் ஓடுறது ரெண்டு. கேடின்னு (KT, கிரிப்டாக்) சொல்றதுல கீழ இருக்கற படிக்கிற பகுதி வட்டமா இருக்கும், விலை கம்மி, கோடு சட்டுனு கண்ணுக்குத் தெரியாது, வயசு தெரியக்கூடாதுன்னு நெனைக்கிறவங்க இதைத்தான் கேப்பாங்க. டி பைஃபோகல் மேல நேர்கோடு, கீழ வளைவு, இங்கிலீஷ் D எழுத்தைப் படுக்க வச்ச மாதிரி, நகத்தால தடவுனா அந்த விளிம்பு தட்டும், அழுக்கும் அங்கதான் சேரும். பாக்க கேடி அளவுக்கு லட்சணமா இருக்காது, ஆனா படிக்கிறதுக்கு டி தான் உசத்தி. மேலேர்ந்து கீழ கண்ணை இறக்கும்போது எழுத்து ஒரு குதி குதிக்கும் பாருங்க, கேடியில வட்டத்தோட மையம் ரொம்ப கீழ இருக்கறதால அந்தக் குதி ஜாஸ்தி, டி-ல மையம் கோட்டுக்கு கொஞ்சம் கீழயே வந்துடும், அதனால குதி பாதிக்கும் கம்மி. படிக்கிற பகுதியோட மேல் பக்கம் அகலமாவும் கிடைக்கும். வித்தியாசம் ஒண்ணும் பெரிய தொகை இல்லீங்க, நாள்பூரா கணக்குப் பேரேடு பாக்குறவருக்கு கேடி போட்டு அனுப்பறதை என்னால ஒத்துக்க முடியல.

எக்ஸிக்யூட்டிவ்னு ஒண்ணு இருக்கு, கோடு இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் போகும், குதியே இருக்காது, ஆனா தடிமனும் வெயிட்டும் கூட. மெடிக்கல் ஷாப்காரங்க, எலக்ட்ரீஷியன் மாதிரி தலைக்கு மேல இருக்கறதையும் கிட்டத்துல பாக்க வேண்டியவங்களுக்கு மேலயும் கீழயும் டி வச்ச லென்ஸ் உண்டு, கேட்டாத்தான் வரவழைப்பாங்க, யாரும் கேக்கறதில்ல!

கம்ப்யூட்டர் வேலைன்னா பைஃபோகல் ஒத்து வராது. ஸ்கிரீன் இருக்கறது தூரத்துக்கும் படிக்கிற கிட்டத்துக்கும் நடுவுல, மோவாயைத் தூக்கித் தூக்கி பாத்து கழுத்து வலிதான் மிச்சம். அவங்களுக்கு கோடே இல்லாம மேலேர்ந்து கீழ பவர் படிப்படியா மாறற புரொக்ரெசிவ் சரி, இல்லேன்னா ஸ்கிரீனுக்குன்னு தனியா ஒண்ணு. அதுக்காக கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு தூரம் பளிச்சுனு தெரியிற தாத்தாவுக்கு, பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி வேணும்னு வந்தவருக்கு, விலை கூடுன புரொக்ரெசிவை தலையில கட்டுறது அநியாயம். பக்கவாட்டுல கொஞ்சம் நெளிவாத் தெரியும், சில பேருக்கு தலை சுத்தும், பழகாம பெட்டியில போட்டுடுவாங்க, காசும் போச்சு.

எந்த வகையானாலும் உயரம் முக்கியம். பைஃபோகல் கோடு பொதுவா கீழ் இமை ஓரத்துக்கு நேரா வரணும். அதை ஃபிரேமை மூக்குல மாட்டி, நேரா பாக்கச் சொல்லி, பேனாவால புள்ளி வச்சுத்தான் எடுக்கணும். மூஞ்சியப் பாக்காம ஃபிரேமை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு நாளன்னிக்கு வாங்கன்னா அந்தக் கடையில ஆர்டர் குடுக்காதீங்க. கோடு மேல ஏறிடுச்சுன்னா நடக்கும்போது தரை மங்கும். சரியா வச்சாலும் மாடிப்படி இறங்கும்போது படி கீழ்ப் பாதியில மங்கலாத்தான் தெரியும், அதனால தலையை நல்லா குனிஞ்சு மேல் பாதி வழியா பாத்து இறங்கணும், தடுமாற்றம் உள்ள பெரியவங்களுக்கு வெளிய போக தூரக் கண்ணாடி ஒண்ணு தனியா வச்சுக்கறது நல்லது. இதை ஒரு நிமிஷம் செலவழிச்சு சொல்ற கடை குறைச்சல்.

பில்லுல லென்ஸ் வகை, சேத்த பவர், கோட்டு உயரம் மூணும் எழுதித் தரணும்னு கேட்டு வாங்குங்க. புதுசு வாங்கப் போகும்போது பழைய கண்ணாடியையும் கையோட எடுத்துட்டுப் போங்க, அது உங்களுக்கு ஒத்துப்போயிருந்தா அதை மாட்டி கோடு இமைக்கு எங்க வருதுன்னு பாத்து, புது ஃபிரேமையும் மூக்குல மாட்டி அதே இடத்துல புள்ளி வச்சுக்கலாம்.

இப்படிக்கு,
லென்ஸ் ஃபிட்டர் ஒருவர்,
திண்டுக்கல்