டீக்காசைக் குடுத்துட்டு வா, மவளே

பத்தமடை

அன்பு மகளுக்கு உம்மா எழுதுதேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

"ஆபீஸ்ல யாருமே டீக்குக் காசு குடுக்க மாட்டாங்க உம்மா, நான் குடுத்தா ஒரு மாதிரி பாக்காங்க"ன்னு நீ சொன்னது மனசுல கெடந்து உறுத்துது. போன்ல பேசினா பேச்சு வேற எங்கயாவது போயிரும், அதான் எழுதுதேன்.

உன்னை மாதிரி இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500. அகவிலைப்படி சேத்தா 30,000 தாண்டிரும். பாய்த்தறியில குனிஞ்சு உக்காந்திருக்க நம்ம தெருப் பொம்பளைகளுக்கு அது எட்டாத காசு. அதுக்காக, கவர்மெண்ட் ஆளுக எல்லாம் கொழுத்துக் கெடக்காங்கன்னு ஊருல பேசுததை நான் ஒத்துக்கிட மாட்டேன். 2003 ஏப்ரலுக்குப் பொறவு சேந்தவங்களுக்குப் பழைய பென்சன் இல்லன்னு ஆக்கி, புதுப் பென்சன் திட்டத்துக்குன்னு சம்பளத்துல 10 சதவீதம் பிடிச்சாங்க. சத்துணவுக்கூடத்துல சமைக்கிறவங்க வாங்குத சம்பளத்தைச் சொல்லவே வேண்டாம். பத்தலைன்னா சங்கத்துல சேந்து கேளு, தர்ணாவுல உக்காரு, நான் சந்தோசப்படுவேன். ஆனா அரசாங்கம் குடுக்காததை டீக்கடைக்காரர்கிட்ட வசூல் பண்ணக் கூடாது.

நீ ஒம்பதாவது படிக்கும்போது ஒரு அதிகாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டுப்பாய் நெய்ஞ்சது ஞாபகம் இருக்கா? பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டுக் கேட்டாங்க. கோரையை முடி மாதிரி மெலிசாக் கிழிச்சு, தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு, ஒவ்வொரு இழையா நான் கோத்தேன். எழுத்து வார எடத்துல ஒரு இழை தப்பினா பேரே மாறிரும். பிரிச்சுட்டு மறுபடி கோக்கணும். ராத்திரி கண்ணுல தண்ணி வடியும். நம்ம கடன் பேப்பர் அவரு மேசையில கெடந்துது. டிரைவர் வந்து பாயைச் சுருட்டி வண்டியில வச்சாரு, "ஐயா பாத்துக்கிடுவாங்க"ன்னாரு, போயிட்டாரு. அந்தப் பாய்க்குக் காசு வரலை. அவரு சம்பளத்துல அதெல்லாம் ஒரு தொகையே இல்ல. நமக்கு அது அந்த மாசத்து அரிசி.

உனக்கு ஜமாபந்தி வருது, அதான் தாலுகாவுல நிலவரிக் கணக்கைப் பாக்குத வருசத் தணிக்கை. வருசா வருசம் ஜூன் 30-ல பசலிங்கிற வரிக்கணக்கு வருசம் முடியுததுக்கு முன்னால நடக்கும். வார அதிகாரிகளுக்குச் சாப்பாடு, காரு, ரூம் எல்லாம் கீழ இருக்கவங்க தலையில விழும்னு இங்க தாலுகா ஆபீஸ்ல வேலை பாக்கவங்களே சொல்லிக் கேட்டிருக்கேன். மேல இருக்கவரு ஓசியில சாப்பிட்டா, அந்தக் காசை கிளார்க் எங்க தேடுவாரு? பட்டா மாத்த வந்து மரத்தடியில நிக்க கிழவிட்டதான். ஓசின்னு சொல்லுதோமே தவிர, காசை யாரோ ஒருத்தர் குடுத்துக்கிட்டுதான் இருக்காங்க. அது எப்பவும் வரிசையில கடைசியா நிக்க ஆளுதான்.

நாங்குநேரியில 2024 மே மாசம் நடந்ததை நீயும் பாத்திருப்ப. அரசு பஸ்ஸுல ஏறுன போலீஸ்காரர் டிக்கெட் எடுக்க மாட்டேன்னாரு. டூட்டியில போறதுக்குக் குடுக்குத வாரண்ட் சீட்டு இருந்தாத்தான் இலவசம்னு போக்குவரத்துத் துறை சொல்லிச்சு. அடுத்த நாளுகள்ல போலீஸ்காரங்க அரசு பஸ்ஸுக்கெல்லாம் அபராதம் போட்டாங்க. பொறவு அந்தப் போலீஸ்காரரும் கண்டக்டரும் கட்டிப்பிடிச்சு சமாதானம் ஆயிட்டாங்க, நல்லது. எனக்கு கண்டக்டரை நெனச்சுதான் வருத்தம். அவரும் மாசச் சம்பளக்காரர்தான். செக்கிங் ஏறினா, பஸ்ஸுல டிக்கெட் இல்லாம இருக்க ஆளுக்கு அவருதான பதில் சொல்லணும்?

1988-ல வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல திருத்துனாங்க. இப்ப லஞ்சம் வாங்கினா குறைஞ்சது மூணு வருசம், கூடினா ஏழு வருசம் ஜெயிலு. உன்னைப் பயங்காட்ட இதைச் சொல்லலை. பரிசு, சாப்பாடுன்னு ஆரம்பிக்கும்போது யாரும் அதை லஞ்சம்னு நெனைக்க மாட்டாங்க, அதுக்குத்தான் சொல்லுதேன்.

ஒரு மாதிரி பாக்கவங்க பாத்துட்டுப் போட்டும். அவங்களோட சண்டை வேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம், நீ வயசுல சின்னவ. குடிச்ச டீக்கு உன் காசை எடுத்து வை. அந்த அண்ணன் வேண்டாம்மான்னு சொன்னாலும் வச்சுட்டு வா. ஆபீஸ் பாக்கி எவ்வளவு நிக்குன்னு அவர்ட்ட ஒரு தடவை கேட்டுப் பாரு, அடுத்த போன்ல எனக்குச் சொல்லு. சம்பளச் சீட்டுல பிடித்தம் சரியா ஏறுதான்னும் பாத்துக்கோ. பெருநாளுக்கு லீவு இப்பவே எழுதிக் குடுத்துரு.

உம்மா