வடசேரி பஸ்ஸும் மாத்தூர்க் கல்லும்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே விடாத மழை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோனதால் எனக்கும் வேலை இல்லை. ஆற அமர எழுதுகிறேன்.

தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி வந்துவிடுமா, நடுவில் நடந்ததெல்லாம் என்னாயிற்று என்று உன் பேத்தி கேட்கிறாளாமே. கெட்டிக்காரி! மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது.

அவளிடம் இதைச் சொல். வடசேரியில் நின்ற பஸ் புறப்பட்டுத் தக்கலையில் வந்து நிற்கிறது. தொடக்கத்தில் பூஜ்யம், முடிவிலும் பூஜ்யம். அந்தச் சூத்திரப்படி சராசரியும் பூஜ்யம். டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாரும் வடசேரியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்! முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், மாறாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். பஸ்ஸின் முடுக்கமோ டிரைவரின் காலடியில் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது.

கல் விழுவது வேறு. மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி, ஏறக்குறைய 35 மீட்டர். அங்கிருந்து ஒரு கல் விழுவதாக வைத்துக்கொள் (கணக்கில் மட்டும், கீழே ஆட்கள் குளிப்பார்கள்). காற்றுத்தடையை விட்டுவிட்டால் தரைதொட சுமார் 2.7 வினாடி, அப்போது வேகம் வினாடிக்கு 26 மீட்டர். சராசரி 13. இந்த 13 கல்லுக்கு எப்போது வருகிறது? பாதி உயரத்தில் என்றுதான் பலரும் சொல்வார்கள். இல்லை, பாதி நேரத்தில். அப்போது கல் கால்பங்கு உயரம்தான், அதாவது 9 மீட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான், இறங்கியிருக்கும். பாதி உயரத்தைக் கடக்கும்போது வேகம் 18.5 ஆகிவிடும்.

காரணம் எளிது. வேகம் சீராக ஏறுவதால், நடு நேரத்துக்கு ஒரு வினாடி முன்பு எவ்வளவு குறைவோ, ஒரு வினாடி பின்பு அவ்வளவு கூடுதல். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் நிக்கோல் ஒரேம் இதைப் படமாக வரைந்து காட்டிவிட்டார்: நேரத்தைக் கிடையாகவும் வேகத்தைச் செங்குத்தாகவும் வைத்தால், சரிந்தேறும் கோட்டின் கீழுள்ள முக்கோணமும், பாதி உயரச் செவ்வகமும் ஒரே பரப்பு. விழும் பொருளுக்கு இதைப் பொருத்தி 1638-இல் அச்சில் கொண்டுவந்தவர் கலிலியோ.

பேத்தியைக் கட்டம் போட்ட தாளில் அந்த முக்கோணத்தை வரைந்து பார்க்கச் சொல். அதன் பரப்புத்தான் கல் கடந்த தூரம். 35-க்குப் பக்கத்தில் வரவில்லையென்றால் தாளை எனக்கு அனுப்பு. லீவுக்கு வரும்போது அவளையும் கூட்டி வா. வரிக்கைச் சக்கை பழுக்கத் தொடங்கிவிட்டது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்