உறைபனிப் பாதையில் விமானம் ஊர்வது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குளிர்கால விமானத் தாமதங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, இறக்கைகளில் படியும் பனியை அகற்றும் பணியைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், பனி அகற்றப்பட்ட பின்னரும் விமானம் ஆள் நடக்கும் வேகத்தில் ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வதை விமானிகளின் மிகையான தயக்கம் என்று அது குறிப்பிட்டதை ஏற்க இயலவில்லை.

தரையில் விமானத்தைத் திருப்புவது பெரும்பாலும் முன்சக்கரமே. உறைந்த பாதையில் அந்தச் சக்கரம் திரும்பினாலும் விமானம் திரும்பாமல் நேராகவே சறுக்கக்கூடும். பிரேக்கும் அங்கே அதிகம் உதவாது. இத்துடன் பக்கக்காற்றும் சேர்ந்தால், பின்னால் உயர்ந்து நிற்கும் செங்குத்து வாலின் மீது காற்று மோதி, விமானத்தின் மூக்கைக் காற்று வரும் திசைக்கே திருப்பப் பார்க்கும். உலர்ந்த தரையில் சக்கரங்களின் பிடிப்பு இதைத் தடுத்துவிடும். பனியில் அந்தப் பிடிப்பைத்தான் நம்ப முடிவதில்லை. சிறிய விமானங்களில், பறப்பதற்கு முன் எஞ்சினைச் சோதிக்க விசையைக் கூட்டும்போது, பிரேக் பிடித்திருந்தும் சக்கரங்கள் உருளாமலே வழுக்குவதுண்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இறக்கையில் தெளிக்கப்படும் பனித்தடுப்புத் திரவம் குறிப்பிட்ட நேரம் வரைதான் காக்கும். பனிப்பொழிவு எந்த அளவுக்குக் கடுமையாகிறதோ, அந்த அளவுக்கு அந்த நேரமும் குறையும். மெதுவாகச் சென்றால் நேரம் கழியும், விரைந்தால் விமானம் சறுக்கும். நேரம் கடந்துவிட்டால் திரும்பி வந்து மீண்டும் தெளித்துக்கொள்வதுதான் முறை. பயணிகள் முணுமுணுப்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில், ஏர் புளோரிடாவின் போயிங் 737 விமானத்தைப் பின்னுக்குத் தள்ள வந்த வண்டி, சக்கரங்களில் சங்கிலி இல்லாததால் பனியில் வழுக்கியது. விமானிகள் எஞ்சின்களின் ரிவர்ஸ் விசையை, அதாவது விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும் விசையை, கொடுத்துப் பார்த்தும் விமானம் நகரவில்லை. பனியும் சேறும்தான் வாரி இறைக்கப்பட்டன. சங்கிலி பூட்டிய மற்றொரு வண்டியே அதைத் தள்ளியது. பின்னர், பனி படிந்த இறக்கைகளுடன், எஞ்சின் பனித்தடுப்பையும் இயக்காமல் புறப்பட்ட அவ்விமானம், போட்டோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதியதில் 78 பேர் உயிரிழந்தனர். ரிவர்ஸ் விசை அவ்விபத்துக்கு முதன்மைக் காரணம் அன்று என்பது உண்மையே. ஆயினும், தரையில் அவசரப்பட்டு எடுக்கும் முடிவுகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இனி இத்தகைய தாமதச் செய்திகளை வெளியிடும்போது, பாதையின் பிடிப்பு நிலையும் காற்றின் வேகமும் அன்று எவ்வாறு இருந்தன என்பதையும் விமான நிலையத்திடம் கேட்டுச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்