ஃபிரிட்ஜ் கதவுக் காந்தமும் குவாண்டம் கணினியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் அறிவியல் பக்கத்தில், 'உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம்தான் நாளைய குவாண்டம் கணினி' என்று ஒரு வரி. தடித்த எழுத்தில் வேறு. காந்த அளவீட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கட்டுரையாளர் எதைச் சொல்ல வந்தார் என்று தெரிகிறது. டோக்கியோவில் நாகமுரா குழுவினர் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள யிட்ரியம் இரும்பு கார்னெட் என்ற காந்தப் படிக உருண்டை ஒன்றை மீக்கடத்திக் கியூபிட்டோடு (மின்தடையற்ற பொருளால் ஆன, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகோடு) இணைத்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். உருண்டைக்குள் கோடானுகோடி ஸ்பின்கள், அதாவது எலக்ட்ரான்களின் நுண்காந்தங்கள், சேர்ந்து ஆடும் அதிர்வின் மிகச் சிறிய அலகுக்கு மேக்னான் என்று பெயர். 2020-ல் ஒற்றை மேக்னானையே கண்டறிந்து காட்டினார்கள். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் இதெல்லாம் நடந்தது பத்து மில்லிகெல்வின் அளவுக் குளிரில், அதாவது மைனஸ் 273 டிகிரியை ஒட்டி. 10 கிகாஹெர்ட்ஸில் ஆடும் உருண்டையைச் சும்மா மேசைமேல் வைத்தால், அறையின் வெப்பமே 600-க்கும் மேற்பட்ட மேக்னான்களை எழுப்பிவிடும், அந்தக் கூட்டத்தில் ஒன்றை எப்படி ஐயா அடையாளம் காண்பது? ஃபிரிட்ஜ் தேவைதான். காந்தம் அதன் கதவில் இல்லை, உள்ளே இருக்கிறது. அந்த ஃபிரிட்ஜும் ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையில் ஓடுவது. இதில் வேடிக்கை, கட்டுரைக்கு நீங்கள் போட்ட படமே அந்தக் குளிர்விப்பான்தான்! தங்க நிறத் தட்டுகள் அடுக்கடுக்காகத் தொங்கும் அதே படம், குவாண்டம் என்று எது வந்தாலும் அதையேதான் போடுகிறீர்கள்.

கதவுக் காந்தம் ஃபெர்ரைட் தூளை ரப்பரில் குழைத்துச் செய்வது, அதில் எழுப்பிய அதிர்வு எழும்பும்போதே செத்துவிடும். கார்னெட்டில் அது நிதானமாக அடங்குகிறது, அதனால்தான் அதைத் தேடிப் பிடித்தார்கள். அந்த உருண்டைகளோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். கடுகை விடச் சின்னது, கறுப்பாகப் பளபளக்கும். காந்தமேறிய எஃகு இடுக்கியால் தொட்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் பலமாக மூச்சு விட்டால் உருண்டு ஓடிவிடும், அப்புறம் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். பீங்கான் குச்சி முனையில் துளிப் பசை வைத்து ஒட்ட வேண்டும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் ஒத்ததிர்வுக் கோடு (அதிர்வு உச்சம் பெறும் இடத்தைக் காட்டும் கோடு) அகன்றுபோய் அன்றைய அளவீடே வீண்.

இது முதல் தடவையும் இல்லை. ஒளியாண்டைக் கால அளவாக எழுதினீர்கள், திருத்தம் வரவே இல்லை. 2017-ல் டிஸ்ப்ரோசியம் என்ற உலோகம் கொண்ட மூலக்கூறு ஒன்று 60 கெல்வினில், அதாவது மைனஸ் 213 டிகிரியில், காந்த நினைவை வைத்துக்கொண்டது என்பதே வேதியியலாளர்கள் கொண்டாடிய செய்தி. நீங்கள் வைத்த தலைப்பு 'சட்டைப்பையில் சூப்பர் கம்ப்யூட்டர்'. அப்போதும் எழுதினேன். இடப்பற்றாக்குறை என்று பதில் வந்தது. சரி, அதே இதழில் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு முழுப் பக்கம் கிடைத்திருந்ததே, அது எப்படி என்று கேட்கவில்லை. தங்களுக்குத் தெரியாததா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி இப்படிக் கட்டுரை வந்தால், சோதனையை எந்த வெப்பநிலையில் செய்தார்கள் என்று ஓரத்திலாவது ஓர் எண்ணைப் போடுங்கள். இடம் போதாதென்றால் அந்தத் தங்க நிறப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்