அதிர்ஷ்டச் செடிக்குத் தண்ணீர் மாற்றுகிறீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குள் வைத்தால் செல்வமும் தம்பதி ஒற்றுமையும் பெருகும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் சில செடிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எந்த மூலையில் வைப்பது, எத்தனை தண்டு வாங்குவது எல்லாம் இருந்தது. தண்ணீரை எப்போது மாற்றுவது என்பது மட்டும் இல்லை. அது தெரியாமல் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன்.

மகள் கல்யாணத்துக்கு யாரோ கண்ணாடிக் குடுவையில் 'லக்கி பாம்பூ' கொடுத்திருந்தார்கள். இரண்டு தண்டு, சிவப்பு ரிப்பன், அடியில் கூழாங்கல். இரண்டு என்றால் காதலாம். மாடி போர்ஷனில் இருக்கும் மகள் அதைப் படுக்கையறை ஜன்னலில் வைத்தாள். எனக்கும் ஆசை வந்து நர்சரிக்குப் போனேன். நாலாக எடுத்தால் விலையைக் குறைக்கிறேன் என்றார் கடைக்காரர். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீடியோ காலில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். சீன மொழியில் நாலுக்கும் சாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஓசையாம், நாலு தண்டை யாரும் வீட்டில் வைக்க மாட்டார்களாம். சரி என்று ஒன்றை உருவி ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியே வைத்தேன். இது மூங்கிலே இல்லை, ஆப்பிரிக்காவில் கேமரூன் பக்கத்து டிரசீனா என்ற செடி என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். மணி பிளான்ட் எதிர்வீட்டில் கேட்காமல் கிள்ளியது. திருடி வைத்தால்தான் காசு சேரும் என்பார்களே! (பிறகு அந்த அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவரும் எங்கேயோ கிள்ளியதுதானாம்.)

ஐப்பசி மழையில் மாப்பிள்ளைக்கு டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரி. அப்புறம்தான் கொசுப்புழு பார்க்கிற பணியாளர் அம்மா டார்ச்சோடு வந்தார். மொட்டை மாடி, தேங்காய்ச் சிரட்டை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு என எல்லாம் பார்த்தார். எங்கும் ஒன்றுமில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. படுக்கையறைக் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். கூழாங்கல் இடுக்கிலிருந்து புழுக்கள் நெளிந்து மேலே வந்தன.

"தண்ணிதான் அப்பப்ப ஊத்துறேனே" என்றாள் மகள். அதுதான் தப்பாம். டெங்கு பரப்பும் இந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. குறைந்த தண்ணீரை நாம் நிரப்பும்போது நனைந்து பொரிக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். அதுவும் பகலில் கடிக்கிற கொசு. மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடித்து அந்த அறையில் பகலில் தூங்குபவர். அந்தக் குடுவைக் கொசுதான் அவரைக் கடித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மகள் அதை அன்றே வெளியே வைத்துவிட்டாள்.

சிங்கப்பூரில் வீட்டில் கொசு உற்பத்தியானால் 200 சிங்கப்பூர் டாலர் அபராதமாம். 2001-ல் சீனாவிலிருந்து தண்ணீரோடு கப்பலேறிய இந்தச் செடிகளோடு, டெங்கு பரப்பும் இன்னொரு கொசுவான புலிக்கொசுவும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் போய் இறங்கியிருக்கிறது. நம் ஊர்க் கடையில் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நான் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டில் பிறந்தவள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே வெற்றிலைதான். செருப்போடு கொடிக்காலில் கால் வைத்தால் அப்பாவுக்குப் பொல்லாத கோபம் வரும். வெற்றிலை பாக்கு மாற்றாமல் எங்கள் பக்கம் எந்தக் கல்யாணம் நிச்சயமாகிறது? அதிர்ஷ்டச் செடி வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. என் தண்டுகளும் மணி பிளான்ட்டும் இப்போது மண் தொட்டியில் நன்றாகவே இருக்கின்றன. மகளுடைய இரண்டு தண்டையும் நானே நட்டுவிட்டேன்.

தண்ணீரில்தான் வைப்பேன் என்பவர்கள் வாரம் ஒருமுறை முழுவதும் கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தையும் கல்லையும் தேய்த்துக் கழுவ வேண்டும். இதை அடுத்த இணைப்பில் போடுங்கள். மணி பிளான்ட் இலையை வெற்றிலை என்று குழந்தைகள் கடித்தால் வாய் எரிந்து வீங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழங்காநத்தம், மதுரை.