வண்டியை விற்காதே, ஓட்டிக்கொண்டு வா

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. ரிட்டயர் ஆனதும் கோயம்புத்தூரை விட்டு பாண்டிச்சேரி லாஸ்பேட்டைக்கே வந்துவிடப் போகிறாய் என்று படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. இனி எல்லையில் இருக்கிற முள்ளோடை தாண்டினால் உன் வீடு. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. டி.வி.யில் கீழே ஓடுகிற எழுத்தை இப்போது எங்களுக்குப் படித்துக் காட்டுகிறார்.

சரி, நீ கேட்ட விஷயம். உன் 2014 வேகன் ஆர் காரை கோவையிலேயே விற்றுவிட்டு, பாண்டிச்சேரி வந்து ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி பார்த்துக்கொள்ளலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம். அந்த வண்டியையே ஓட்டிக்கொண்டு வா.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனையாவது ஓனர் என்றுதான் கேட்கிறார்கள். கடலோர ஊரில் நான் முதலில் கேட்பது, வண்டி இத்தனை வருஷம் எங்கே நின்றது என்பதை. கடற்காற்றில் வரும் உப்பு தகரத்தின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் துரு ஏறும் வேகமே வேறு. கிளட்ச் போனால் மாற்றலாம், இஞ்சின் தேய்ந்தால் பிரித்து வேலை பார்க்கலாம். பாடி இற்றுவிட்டால் வெட்டி ஒட்டுவதுதான் வழி. ஒட்டின இடத்திலேயே மறுபடி துரு வரும். உன் வண்டி கோவையில் போர்ட்டிகோவுக்குள் நின்ற வண்டி. அப்படி ஒரு பாடி இங்கே தேடினாலும் லேசில் கிடைக்காது. இஞ்சினும் 998 சிசி கே சீரிஸ். உள்ளே டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் கவலை கிடையாது. ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும்.

போன மாதம் தம்பி மகனுக்காக தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு கார் பார்க்கப் போனோம். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, சீட் கவர் புதுசு, ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. பையனுக்கு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட ஆசை. நான் தரையில் சாக்கைப் போட்டுப் படுத்து, அடியில் டார்ச் அடித்தேன். கதவுக்குக் கீழே, ஜாக்கி வைக்கிற இடத்தில், இரண்டு தகரம் சேர்கிற விளிம்பு உப்பியிருந்தது. மேலே கறுப்பாக அண்டர் கோட்டிங், துரு பிடிக்காமல் இருக்க அடியில் அடிக்கிற பூச்சு. கட்டை விரலால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கிச் சிவப்புத் தூளாகக் கையில் கொட்டியது. துருவைச் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்து, அதற்கப்புறம்தான் கோட்டிங் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வேலையை இன்னும் வேகமாக முடித்துவிடும். விற்க வந்தவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை, பாவம்.

நீ வந்ததும் ஒரு வேலை செய். ஒரு ஈர்க்குச்சி எடுத்துக்கொள். கதவைத் திறந்து அடிவிளிம்பைத் தடவிப் பார்த்தால் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியேற வைத்த வழி அது. மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தங்கிவிடும், கதவு உள்ளிருந்து அரிக்கும். குச்சியை விட்டுக் குத்தினாலே மண் விழுந்துவிடும். மழைக்கு முன் ஒரு தடவை, மழை விட்டதும் ஒரு தடவை செய்தால் போதும்.

காரை மூடி வைக்கும் கவரைப் பற்றியும் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரைப் போட்டு மாதக்கணக்கில் நிறுத்துவதைவிட வெறுமனே நிழலில் நிற்பது எவ்வளவோ மேல். காற்றுப் பட்டால்தான் காயும். நின்றே கிடக்கிற வண்டியில் பேட்டரி இறங்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறையாவது இஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டு. கழுவும்போது தண்ணீரை நாக்கில் வைத்துப் பார். நம் பக்கம் சில தெருக்களில் போர் தண்ணீரே கரிக்கும். அதில் கழுவினால் உப்பை நாமே பூசிவிடுவதுதான். ரேடியேட்டரில் அந்தத் தண்ணீரை ஊற்ற யாரையும் விடாதே. கூலன்ட் மட்டும்தான். டயரில் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதே. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் மிச்சம் இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடு.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் பில்லில் ஒவ்வொரு வரியையும் என்னவென்று கேள். இங்கே ஒரு இடத்தில் இஞ்சின் ஃப்ளஷ், ஏசி ஸ்ப்ரே என்று கேட்காமலே சேர்த்திருந்தார்கள். நான் மேனுவலைக் காட்டி, இதில் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டதும் எடுத்துவிட்டார்கள். ஆயிலும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றுவதில் சிக்கனம் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்று என்று சொன்னால் சில மெக்கானிக்குகளே சிரிக்கிறார்கள். நீ விடாதே.

பெட்ரோல் பாண்டிச்சேரியில் மலிவு. வரி வித்தியாசம்தான் காரணம். கடலூர்க்காரர்கள் அங்கே வந்து போட்டுக்கொண்டு போவது உனக்குத் தெரியும். இப்போது வருகிறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் அதற்கென்று செய்தவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸ் எல்லாம் விறைத்திருக்கிறதா, கசிகிறதா என்று வருஷம் ஒரு முறை பார்க்கச் சொல். என் பழைய மாருதி ஜென் காருக்கு எல்லா ஹோஸையும் புதிதாகப் போட்டுவிட்டேன். அந்த 993 சிசி வண்டி இன்றைக்கும் சிதம்பரம் ரோட்டில் சந்தோஷமாக ஓடுகிறது. ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ரூபாய் ஆனபோது விற்றுவிடு என்றார்கள். கட்டிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

வெள்ளத்தை மட்டும் அலட்சியம் செய்யாதே. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பாண்டிச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் தெருவே தெரியவில்லை. தண்ணீர் புகுந்த வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. இஞ்சினுக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத் தள்ளிக்கொண்டு போ. அந்தச் சேதத்துக்கு சாதாரண இன்சூரன்ஸில் பணம் வராது. தனியாக இஞ்சின் பாதுகாப்புச் சேர்க்க வேண்டும், உன் வண்டி வயசுக்குப் பெரும்பாலும் அதைத் தரமாட்டார்கள். அதனால் லாஸ்பேட்டையில் வீடு பார்க்கும்போதே மழைக்குத் தண்ணீர் எது வரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்.

அப்புறம் பேப்பர் வேலை. பாண்டிச்சேரி தனி யூனியன் பிரதேசம். 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்து ஓட்டினால் பி.ஒய். என்று தொடங்கும் பாண்டிச்சேரி நம்பருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இப்போது வண்டி பதிவாகியிருக்கிற ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வேண்டும். வீட்டுச் சாமான் ஏற்றுவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடு. லோன் பாக்கி முடிந்தும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருந்தால் முதலில் அதை எடு.

சேலம், உளுந்தூர்பேட்டை வழியாகத்தானே வருவாய்? கிளம்பும் முன் ஸ்டெப்னியிலும் காற்று பார்த்துவிடு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். வருகிற தேதியை எழுது.

அன்புடன்,
உன் நண்பன்