இந்த ஞாயிறு: மோட்டார் சத்தம் அனுப்பும் நாள்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை அவரவர் வைத்திருக்கும் பழைய வேக்குவம் கிளீனர் ஓடும் சத்தத்தை வாய்ஸ் மெசேஜாகப் போடுங்கள், எந்த மாடல் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். 1982க்குப் பிறகு வீடு வீடாக வந்து விற்றார்களே, அந்த யூரோகிளீன் பரணில் கிடந்தாலும் சரி, இறக்குங்கள்.

ஆனால் எடுத்தவுடன் பிளக்கில் சொருகாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் மெஷினை நம்ம 230 வோல்ட்டில் போட்டு ஒரு அருமையான ஆர்மேச்சரை, அதாவது மோட்டாருக்குள் சுற்றும் கம்பிச் சுருள் பகுதியை, கருக்கியவன் நான், அந்த வாடை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. பெயர்த் தகட்டைப் படியுங்கள், ஒயரின் ரப்பர் பொடிந்திருக்கிறதா பாருங்கள், விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். அப்புறம் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டைகளைக் கழற்றி, அவை உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைப் பாருங்கள். வழவழப்பாக, காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் அது நல்ல மோட்டார், தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். கருகித் திட்டுத்திட்டாக இருந்தால் மட்டும் மெல்லிய உப்புத்தாள்.

ரெக்கார்ட் செய்யும்போது குழாயின் வாயை இரண்டு விநாடி உள்ளங்கையால் மூடுங்கள். சத்தம் கீச்சென்று ஏறும். மோட்டார் திணறுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் காற்றைத் தள்ளும் வேலை குறைந்ததால் அது இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. ரொம்ப நேரம் மூடி வைக்காதீர்கள், அந்தக் காற்றுதான் பெரும்பாலான பழைய மெஷின்களில் மோட்டாரையும் குளிர்விக்கிறது.

1921இல் வந்த எலக்ட்ரோலக்ஸ் மாடல் V யாரிடமாவது இருந்தால் தனியாக மெசேஜ் போடுங்கள், பார்க்க நேரில் வருகிறேன்.